முதல் அடி நோட்டு: மும்பை மாரத்தானுக்கு அப்புறமான 17 வாரங்கள்

மதுரை ரயில் நிலையத்து நடைமேம்பாலப் படிக்கட்டில் நான் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தேன். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, ஏணியில் இறங்குகிற மாதிரி. எதிரே ஏறி வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, கால்ல அடியா?"

"இல்லய்யா, ஓடினேன்."

"யாரு வெரட்டுனா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே போய்விட்டார்.

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, மும்பை மாரத்தான். 42.195 கிலோமீட்டரை 4 மணி 52 நிமிடத்தில் முடித்தேன். எனக்கு 43 வயது. மதுரையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பந்தயக் கதையை இங்கே எழுதப் போவதில்லை. முழு மாரத்தானுக்கு எப்படித் தயாராவது என்று சொல்லித்தர ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நானும் 20 வாரத்துக்கு ஓர் அட்டவணை போட்டு பட்டறைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசி வரி ஜனவரி 19. அதற்குக் கீழே சுவர்தான் இருந்தது. அந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நான் செய்த தப்பும், அதைச் சரிசெய்த விதமும்தான் இந்தப் பதிவு.

முதல் வாரம்

வலி பந்தயத்தன்றைவிட அடுத்த நாள் அதிகம், அதற்கும் அடுத்த நாள் இன்னும் அதிகம். இது எல்லாருக்கும் வருவதுதான். தொடையின் முன்பக்கம் கல் மாதிரி ஆகிவிடும். மும்பையில் ஓடியவர்களுக்குப் பெடர் ரோடு ஏற்றத்தைத் தெரியும். முப்பத்தைந்து கிலோமீட்டர் தாண்டி, உடம்பில் ஒன்றும் மிச்சமில்லாத நேரத்தில் வந்து நிற்கும். எல்லோரும் அந்த ஏற்றத்தைத் திட்டுவார்கள். தொடையைப் பதம் பார்ப்பது ஏற்றத்தைவிட அதற்கு அந்தப் பக்கத்து இறக்கம். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கி பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது. தசை நார்களில் நுண்ணிய கிழிசல் விழுவது பெரும்பாலும் அப்போதுதான். ரயில் நிலையப் படியில் முன்பக்கமாக இறங்க முடியாததற்கும் அதே காரணம்தான். ஏறுவதற்கு அவ்வளவு கஷ்டம் இல்லை.

இந்த வாரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வீட்டில் இருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை அளவுக்கு மீறிச் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு கால்விரல் நகம் கறுத்திருந்தது, நாலாம் நாள் சளி பிடித்தது, அப்புறம் அகோரப் பசி. என் மனைவி மூன்றாம் தடவை சோறு போட்டபோது, "ஏங்க, ஓடுறப்பகூட இவ்வளவு சாப்பிடலையே" என்றாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தேன். குளத்தின் நாலு பக்கமும் சேர்த்தால் ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் வரும். முதல் நாள் அதற்கு 21 நிமிடம். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து நடக்க வந்திருந்த ஒருவர் என்னைத் தாண்டிப் போனார்.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

குடியரசு நாள்

ஜனவரி 26, ஞாயிறு. பந்தயம் முடிந்து ஏழே நாள். தொடை வலி சுத்தமாகப் போயிருந்தது. காலை ஐந்து மணிக்கு மாப்ளை போன் செய்தான் (ஓட்டத்தில் பழகியவன்தான், உறவு ஒன்றும் இல்லை). "சும்மா ஜாலியா ஒரு பத்து, அழகர்கோவில் ரோட்டுல" என்றான். போனேன். மூச்சு பஞ்சு மாதிரி இருந்தது. பேசிக்கொண்டே ஓடினோம், கடைசி மூன்று கிலோமீட்டரில் நானே வேகத்தைக் கூட்டினேன். வீட்டுக்கு வந்து, "எனக்கு ஒண்ணுமே ஆகல, பார்த்தியா" என்று பெருமை அடித்தேன்.

அன்று ஓடியதில் ஒரு மர்மமும் இல்லை. பந்தயத்துக்கு முந்தைய மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைத்திருந்தேன், பிந்தைய வாரம் சும்மாவே இருந்தேன். இதயமும் நுரையீரலும் ஒரு வாரத்தில் பழக்கத்தை மறந்துவிடாது. தின்ற சோறு தசைக்குள் சர்க்கரையாக மறுபடி நிறைந்திருந்தது. எஞ்சின் ஓய்வெடுத்துப் புதுசு மாதிரி நின்றது. ஆனால் அந்த எஞ்சினைப் பாதத்தோடு இணைக்கிற கயிறு ஒன்று இருக்கிறதே, குதிகாலுக்குப் பின்னால் தடித்து ஓடுவது, அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. வளர்வதும் மெதுவாக, தேறுவதும் மெதுவாக. மூச்சுக்கும் அந்தக் கயிற்றுக்கும் நடுவில் உள்ள இந்த நாள் வித்தியாசத்தில்தான் நான் போய் விழுந்தேன்.

பட்டறையில் இந்தத் தப்பை நான் செய்யவே மாட்டேன் என்பதுதான் வெட்கம். காயில் கட்டி வார்னிஷ் ஊற்றினால், அது சூட்டில் முழுக்கக் காய்கிற வரை மோட்டாரைத் தொடவிடமாட்டேன். காய்ந்த பிறகும் லோடு இல்லாமல் ஓட்டி, கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். "நல்லாத்தானே சுத்துது, குடுங்கண்ணே" என்று கிணற்றுக்காரர் அவசரப்பட்டால், "சுத்துறது வேற, தண்ணி இழுக்குறது வேற" என்று திருப்பி அனுப்புகிற ஆள் நான்.

மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தேன். வலது குதிகாலுக்கு மேலே யாரோ கிள்ளிய மாதிரி இருந்தது. குளியலறை வரை நொண்டினேன். பல் தேய்த்து முடிப்பதற்குள் போய்விட்டது. சரி, படுத்திருந்ததில் பிடித்துக்கொண்டது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த இரண்டு வாரமும் இதே கதை. காலையில் கிள்ளும், நடந்தால் விலகும், ஓட ஆரம்பித்த முதல் கிலோமீட்டரில் வலிக்கும், அப்புறம் காணாமல் போகும். சூடானதும் போய்விடுவதால் நல்ல வலி என்று நினைத்தேன். இந்த வலியின் தந்திரமே அதுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடினேன். போதாததற்கு, வெறும் சுவர் உறுத்துகிறதே என்று மார்ச்சில் ஓர் அரை மாரத்தானுக்குப் பணம் வேறு கட்டினேன். அந்தப் பணம் போனதுதான்.

தெப்பம், பழனி, பூக்கார அக்கா

பிப்ரவரி இரண்டாம் வாரம் தைப்பூசம். தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா. குளத்தைச் சுற்றிக் கடைகளும் கூட்டமும் தடுப்புக் கம்பியும். ஓட இடமில்லை. வேறு வழியில்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் காலையில் இரண்டு சுற்று வருகிறார்கள். அப்புறம் மைய மண்டபத்தில் இறங்கி இளைப்பாறுகிறார்கள். இரவு ஒரே ஒரு சுற்று. அத்தனை பேர் வடம் பிடித்து இழுத்தும் ஒரு நாளைக்கு மூன்று சுற்றுதான். நான் அன்று காலை ஒன்பது சுற்று ஓடுவதாக இருந்தேன்.

எங்கள் தெருவில் பூ கட்டி விற்கிற அக்கா ஒருவர் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போவார். மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல், செருப்பில்லாமல். அவருக்கு வயது ஐம்பத்தைந்துக்குக் குறையாது. அவருக்கு மெடல் கிடையாது, டி-ஷர்ட் கிடையாது. மாரத்தான் ஓடினேன் என்று அவரிடம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கும். திரும்பி வந்த மறுநாள் உட்கார்ந்த இடத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தார். ஆனால் பூ வாங்க மாட்டுத்தாவணி சந்தைக்கு மகனை அனுப்பியிருந்தார்.

"ஏன்க்கா, நீங்க போகலையா?"

"ஒரு வாரம் போகமாட்டேன்ப்பா. மலைக்குப் போய்ட்டு வந்த காலு முருகனுது. அவரு திருப்பிக் குடுக்கிற வரைக்கும் நாம கேக்கக்கூடாது."

அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தபோது வலது காலைச் சாய்த்து வைத்துத்தான் நடந்தேன்.

நியூசிலாந்தில் ஜாக் ஃபாஸ்டர் என்று ஓர் ஓட்டக்காரர் இருந்தார். 1974-ல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டி மாரத்தானில் 41 வயதில் 2 மணி 11 நிமிடம் 18 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கியவர். பந்தயத்தில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் கடுமையான ஓட்டத்தைத் தள்ளிவை என்பது அவர் பெயரில் வழங்குகிற கணக்கு. மாரத்தான் 26 மைல், ஆக 26 நாள். அக்காவின் கணக்கைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். எனக்கு 26-ஆவது நாள் பிப்ரவரி 14. அன்றைக்கு நான் ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் மேசையில் குப்புறப் படுத்திருந்தேன்.

"நரம்பு இல்ல சார்"

"குதிகால் நரம்பு இழுக்குதும்மா" என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் சிரித்துவிட்டார். "நரம்பு இல்ல சார், தசைநாண்." நம் பேச்சில் இரத்தக் குழாயும் நரம்புதான், மூளைக்குச் சேதி போகிற இழையும் நரம்புதான், தசையை எலும்போடு கட்டுகிற நாணும் நரம்புதான். நரம்பு என்றால் எண்ணெய் போட்டு நீவிவிட வேண்டும் என்று கை தானாகப் போகிறது. நானும் இரண்டு வாரம் தைலம் போட்டு நீவிக்கொண்டிருந்தேன். நாண் என்று சொன்னால் வில் ஞாபகம் வருகிறது. அதை நீவி என்ன செய்வது, இழுத்துத்தான் பழக்க வேண்டும்.

வலிக்கிற இடத்தைக் கிள்ளிப் பார்த்தார். குதிகால் எலும்புக்கு மூன்று விரற்கடை மேலே. அந்த இடத்தில் நாண் இடதைவிடத் தடித்திருந்தது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னார். இடது கால் 23. வலது கால் 9, அதற்குமேல் நடுங்கியது. எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது அந்த 9-ஐக் கேட்டுத்தான். 42 கிலோமீட்டர் ஓடிய கால்.

அப்புறம் அவர் பார்த்தது என் கால்களை அல்ல, வாசலில் விட்டிருந்த செருப்பை. "நாள் முழுக்க இதுலயா சார் நிக்கிறீங்க?" தேய்ந்து தட்டையான ரப்பர் செருப்பு. ஓடுகிற ஷூவில் குதிகால் பக்கம் விரல் பக்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர் உயரம். காலையில் ஒரு மணி நேரம் அதில் ஓடிவிட்டு, அப்புறம் பத்து மணி நேரம் சிமெண்ட் தரையில் இந்தச் செருப்பில் நிற்கவும் குந்தவும் செய்கிறேன். நோகிற நாணுக்கு நாள் முழுவதும் இழுவை. அன்றே குதிகால் பக்கம் கொஞ்சம் உயரமான செருப்பு ஒன்று வாங்கினேன். மொத்தச் செலவில் எனக்கு உடனே பலன் தெரிந்தது அந்தச் செருப்பில்தான்.

முழு ஓய்வு வேண்டாம் என்றார். சும்மா வைத்திருந்தால் நாண் இன்னும் பலவீனமாகும். ஓட்டத்தை நிறுத்தி, நாணுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். எப்போதாவது "டப்" என்று சத்தம் கேட்டு, முன்னங்காலில் எழும்ப முடியாமல் போனால் மட்டும் நேராக மருத்துவமனைக்குப் போகச் சொன்னார், அது அறுந்துபோனதற்கு அடையாளம்.

180

அவர் கொடுத்த பயிற்சி சுவீடனிலிருந்து வந்தது. ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவருக்கே இந்த நோவு வந்ததாம். அறுவை செய்துவிடுங்கள் என்று கேட்டதற்கு மேலதிகாரி மறுத்துவிட்டாராம். அறுந்தால் அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்று, வலிக்க வலிக்க நாணின் மேல் பாரம் ஏற்றினார் என்றும், அறுவதற்குப் பதிலாகத் தேறிவிட்டது என்றும் சொல்வார்கள். அப்புறம் 1998-ல் இதே நோவுள்ள 15 பேரை வைத்து 12 வாரம் செய்து பார்த்தார். அத்தனை பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். பிடிவாதத்தால் ஒரு வைத்தியம் கிடைத்தது என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

செய்முறை எளிது. படி விளிம்பில் முன்னங்கால் மட்டும் பதியும்படி நில்லுங்கள். நல்ல காலால் உந்தி மேலே எழும்புங்கள். எடையை நோகிற காலுக்கு மாற்றி, குதிகாலை மெதுவாக, மூன்று எண்ணுவதற்குள், படிக்குக் கீழே இறக்குங்கள். ஏறுவது நல்ல கால், இறங்குவது நோகிற கால். முழங்கால் நேராக வைத்து 15 தடவை வீதம் மூன்று முறை, லேசாக மடக்கி வைத்து அதே போல மூன்று முறை. மொத்தம் 90. காலை ஒன்று, மாலை ஒன்று. ஒரு நாளைக்கு 180. வாரம் ஏழு நாளும், பன்னிரண்டு வாரம். வலி எலும்பை ஒட்டிய இடத்தில், இன்னும் கீழே இருந்தால் இப்படிப் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, தரை மட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதனால் எங்கே வலிக்கிறது என்று தெரிந்தவரிடம் ஒருமுறையாவது காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

பட்டறை வாசற்படி இதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஷட்டர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குவேன். பையன்கள் எண்ணுவார்கள். "நாப்பத்தி ரெண்டு, நாப்பத்தி மூணு... அண்ணே, போன் வந்துச்சு, மறந்துட்டேன், முப்பதுல இருந்து வைப்போமா?" தெருவில் போகிறவர்கள் என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள்.

பத்து நாளில் வெறும் எடை பழகிவிட்டது. பாரம் ஏற்ற வேண்டும். மகளின் பழைய பள்ளிக்கூடப் பையில் ஐந்து கிலோ எனாமல் கம்பி ரீலைப் போட்டு முதுகில் மாட்டினேன். செம்பு விற்கிற விலையில் மதுரையிலேயே விலை உயர்ந்த உடற்பயிற்சிக் கருவி அதுவாகத்தான் இருக்கும். ஆறு வாரத்தில் இந்த 180 எனக்கு அலுத்துப்போனது, ஒளிக்காமல் சொல்கிறேன். பிசியோவிடம் சொன்னேன். வாரம் மூன்று நாள் மட்டும், எண்ணிக்கையைக் குறைத்து, பாரத்தைக் கூட்டி, இரு காலாலும் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் முறைக்கு மாற்றிவிட்டார். டென்மார்க்கில் 2015-ல் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் பலன் ஏறக்குறைய ஒன்றேதானாம். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. கேட்கவில்லை.

நோட்டு

பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு ஜாப் கார்டு எழுதுவோம்: என்ன பழுது, என்ன மாற்றினோம், ஆம்பியர் எவ்வளவு. ஒரு கார்டில் என் பெயரை எழுதி எனக்கும் ஒன்று ஆரம்பித்தேன். அதில் ஒரே ஓர் எண்தான் முக்கியம். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் அடியின் வலி, பூச்சியத்திலிருந்து பத்துக்குள். பிப்ரவரி 15-ல் 6.

ஓடும்போது வலிக்கிறதா என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது பொய் சொல்லும் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. இன்று செய்தது சரியா என்று நாளைக் காலை முதல் அடி சொல்லும். முந்தின நாள் எண்ணைவிடக் கூடாமல் இருந்தால் திட்டப்படி அடுத்தது. ஒன்று கூடினால் அதே அளவு மறுபடி. இரண்டு கூடினால் ஒரு படி பின்னால்.

மார்ச் 10, திங்கள். முதல் அடி 2, வலது கால் குதிகால் உயர்த்தல் 17. அனுமதி கிடைத்தது. ஒரு நிமிடம் ஓட்டம், நாலு நிமிடம் நடை, ஆறு முறை. ஓடுவதையும் நடப்பதையும் இப்படிக் கலக்கிற முறையை அமெரிக்காவின் ஜெஃப் காலோவே பரப்பினார். 1972 ஒலிம்பிக்கில் ஓடியவர். அவருக்கே நடப்பதில் கூச்சம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் தெப்பக்குளத்தில் தெரிந்தவர்கள் எதிரே வரும்போது சரியாக அந்த நாலு நிமிடம்தான் வந்து தொலைக்கும். "என்ன, மாரத்தான் ஓடுன ஆளு நடக்குறீங்க?" ஒரே வாரத்தில் இதை ஐந்து பேர் கேட்டார்கள். அதனால் அதிகாலை நாலே முக்காலுக்குப் போக ஆரம்பித்தேன். வெயிலுக்காக என்று வீட்டில் சொன்னேன்.

அடுத்த வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. அதற்கடுத்த வாரம் திருப்பிப் போட்டேன், மூன்றுக்கு இரண்டு. எப்போதும் ஒருநாள் விட்டு ஒருநாள். மார்ச் கடைசியில் நாலுக்கு ஒன்று. ஏப்ரல் முதல் வாரம் ஒரு காலை முதல் அடி 4. முந்தின நாள் என்ன செய்தேன் என்று கார்டைப் பார்த்தேன். ஓட்டம் சரிதான். ஆனால் மாலையில் பரமக்குடிப் பக்கம் ஒரு கிணற்றில் மோட்டார் இறக்கப் போயிருந்தேன். நாலு மணி நேரம் குந்தியும் ஏறியும் இறங்கியும் வேலை. உடம்புக்கு ஓட்டம் தனி, தொழில் தனி என்று கணக்கு கிடையாது. அன்றிலிருந்து கார்டில் வெளிவேலை நாட்களையும் குறித்தேன், அதற்கு அடுத்த காலை ஓட்டம் இல்லை. ஒரு வாரம் பின்னால் போனேன். அது எனக்குப் பெரிய வருத்தமாகவும் இல்லை. பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி எரிச்சல் போய்விடும்.

காயில் சொன்னது

நாண் தேறத் தேற அடுத்த ஏமாற்றம் வந்தது. இப்போது மூச்சு இல்லை. மும்பைக்கு முன்னால் கிலோமீட்டருக்கு ஏழே கால் நிமிட வேகத்தில் என் துடிப்பு நிமிடத்துக்கு 138. ஏப்ரல் நடுவில் அதே வேகத்துக்கு 154. ஐந்து மாத உழைப்பு எங்கே போனது?

1984-ல் அமெரிக்காவில் நன்றாகப் பயிற்சி எடுத்த ஏழு பேரின் பயிற்சியை நிறுத்தி வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது, 56 நாளில் 16 சதவீதம். அதற்கப்புறம் பெரிதாக இறங்கவில்லை, நின்றுவிட்டது. முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப் பகுதி. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் இரத்தம் குறைவதால், அதே வேலைக்கு அதிகத் தடவை துடிக்க வேண்டியிருக்கிறது. என் 154-க்கு விளக்கம் இதுதான், பாதிக்காவது. மீதி மதுரை ஏப்ரல். அந்த ஆய்வைச் செய்தவர் பெயர் எட்வர்ட் காயில். காயில் சொன்னால் நான் கேட்காமல் இருக்க முடியுமா?

16 சதவீதத்தில் நின்றுவிடுகிறது என்பதைப் படித்த அன்று நன்றாகத் தூங்கினேன். கடிகாரத்தில் வேகம் தெரிகிற பக்கத்தை எடுத்துவிட்டேன். நிமிடம் மட்டும் தெரியும். ஏப்ரல் கடைசியில் நடுவில் நடக்காமல் 25 நிமிடம் ஓடினேன். எத்தனை கிலோமீட்டர் என்று வேண்டுமென்றே பார்க்கவில்லை. மாலையில் பார்த்துவிட்டேன், 3.2.

சுவரில் என்ன ஒட்டுவது

பழைய அட்டவணையையே மறுபடி ஒட்டலாம் என்று இருந்தேன். மாப்ளையும் அடுத்த ஜனவரிக்கு இப்போதே ஆரம்பிக்கலாம் என்றான். அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்தாள்.

"இதுல ஞாயித்துக்கிழமை எங்க இருக்கு?"

இருந்தது. 24 கி.மீ., 28 கி.மீ., 32 கி.மீ. என்று இருந்தது. அஞ்சு மாசம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஓடினேன், மதியம் தூங்கினேன், சாயங்காலம் எரிச்சலில் இருந்தேன். அந்த ஐந்து மாதமும் காலையில் பட்டறையைத் திறந்தது அவள். மகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டதும் அவள். பந்தயத்துக்காகப் போடுகிற அட்டவணை வீட்டாரிடம் கைமாற்று வாங்கியது. அதையே வழக்கமாக்கிக்கொள்ளப் பார்த்தால் கடன் கொடுத்தவர் கேட்கத்தானே செய்வார்.

இப்போது இருக்கிற வழக்கம் இது. திங்கள், புதன், சனி: ஓட்டம், நாற்பது நிமிடத்துக்குள். செவ்வாய், வெள்ளி: ஷட்டரைத் திறந்ததும் வாசற்படியில் பையை மாட்டிக்கொண்டு குதிகால் பயிற்சி, கூடவே உட்கார்ந்து எழுதல், இருபது நிமிடம். வியாழன் வெளிவேலை வந்தாலும் வரும். ஞாயிறு ஒன்றும் இல்லை, குடல் குழம்பு. கேட்கிறவர்களுக்கு இது ஒரு பயிற்சியாகவே தெரியாது. பத்து வாரமாகக் கார்டில் ஒருநாள்கூட வெற்றாக இல்லை என்பது எனக்குப் போதும். மும்பைக்கான 20 வாரத்தில் நான் 19 நாள் தவறவிட்டிருந்தேன்.

மே 11 இரவு எதிர்சேவை. தல்லாகுளத்தில் அழகரைப் பார்த்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, அதிகாலையில் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வைகைக் கரைக்கு வந்து சேர்ந்தோம். மகளைத் தோளில் தூக்கியும் நின்றேன். உயரமான குதிகால் வைத்த செருப்பில் ஒன்று நெரிசலில் போனது. மற்றதை வைத்து என்ன செய்ய, அதையும் விட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் கட்டிலிலிருந்து இறங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முதல் அடி: 0. கார்டில் எழுதிவிட்டுப் பக்கத்தில் "செருப்பு இல்லாமல்" என்று சேர்த்தேன்.

மே 17, சனிக்கிழமை: 40 நிமிடம், 5.4 கிலோமீட்டர், துடிப்பு 146. வலது கால் குதிகால் உயர்த்தல் 24, இடது 25. அன்று மாலை ஏழரை ஹெச்பி மோட்டார் ஒன்று கருகி வந்தது. விவசாயி, பயிர் வாடுகிறது, மறுநாளே வேண்டும். கம்பி கையிருப்பு போதவில்லை. பையன் என்னைப் பார்த்தான், நான் பையைப் பார்த்தேன். ரீலைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து பையில் இரண்டு செங்கல்.